படகுக்குக் கணக்கு உண்டு, சருவத்துக்கு? – மீன்பிடித் தொழிலில் பெண்களின் வேலை

நாகர்கோவிலில் எங்கள் தெருவுக்கு ஒரு மீன்காரம்மா வருவார். அவருடைய சருவத்தை இறக்கி வைக்க ஒருநாள் கை கொடுத்தேன். சருவம் என்றால் எங்கள் பக்கத்தில் அகலவாய்ப் பாத்திரம். இது அலுமினியச் சருவம், அடியில் ஐஸ், மேலே சாளையும் கொஞ்சம் நவரையும், ஓரத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய தராசு. இரண்டு கையாலும் பிடித்தும் எனக்குத் தோள் இறங்கிவிட்டது. அதைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு அவர் ஏற்கெனவே மூன்று தெரு நடந்து வந்திருந்தார். "இது கொறவு மக்ளே, பாதி வித்தாச்சு" என்றார்.

இவர் செய்வது மீன்பிடித் தொழிலா, மீன் வியாபாரமா? கேட்டால் பலரும் வியாபாரம் என்றுதான் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்தான் மீனவர், மற்றவர்கள் எல்லாம் அப்புறம்தான் என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். அரசு விண்ணப்பங்களிலும் பத்திரிகைச் செய்திகளிலும்கூட அந்த எண்ணம் தன்னை அறியாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது எங்கே சறுக்குகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை. வீட்டுக் குழம்புக்குத் தூண்டில் போடுவது வேறு, விற்பதற்காகப் பிடிப்பது வேறு. இரண்டாவதைத்தான் தொழில் என்கிறோம். விற்பதற்காக என்று சொன்ன உடனேயே தொழில் படகைத் தாண்டிக் கரைக்கு வந்துவிடுகிறது. நெல் என்றால் மூட்டை கட்டி வைத்துவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கலாம். மீன் காத்திருக்காது. நம்மூர் வெயிலில் ஐஸ் இல்லாமல் வைத்த சாளை சில மணி நேரத்தில் வயிறு உடைந்துவிடும். ஆகவே வலையில் ஏறிய மீன் காசாக வேண்டுமென்றால் தரம் பிரிக்க, ஏலத்தில் எடுக்க, ஐஸ் போட, சுமக்க, வெட்ட, உப்பிட, உலர்த்த, விற்க என்று கரையில் ஒரு கூட்டமே உடனே வேலையில் இறங்கியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் மீன் பிடிப்பவர்களையும் வளர்ப்பவர்களையும் சேர்த்து எண்ணி, அதில் பெண்கள் 24 சதவீதம் என்கிறது. அதே அறிக்கையில் பதப்படுத்தும் வேலைக்கு வந்தால் பெண்கள் 62 சதவீதம். எங்கே நின்றுகொண்டு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து நாலில் ஒருவர் ஐந்தில் மூவராகிவிடுகிறார்.

இந்தத் துறையைப் படிப்பவர்கள் வேலையை மூன்றாகப் பிரிப்பார்கள்: பிடிப்பதற்கு முந்தையது, பிடிப்பது, பிடித்ததற்குப் பிந்தையது. முந்தையது என்பது வலை பின்னுவது, கிழிந்ததைச் சரிபார்ப்பது, கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கட்டுவது, அந்தப் பயணச் செலவுக்குக் கடன் புரட்டுவது. ஒரு காலத்தில் பருத்தி நூல் வலையைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பின்னிக் கூலி வாங்கினார்கள். நைலான் வந்தது, அப்புறம் அதைப் பின்னும் இயந்திரம் வந்தது, அந்தக் கூலி போயிற்று. வலைக்கு நைலான் நல்லதுதான், எளிதில் மக்காது. ஆனால் அந்த மாற்றத்தில் யார் கை வேலை போனது என்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

கரையில் இருந்த ஏலம் துறைமுகத்துக்குப் போன கதை

கட்டுமரக் காலத்தில் ஏற்பாடு எளிமையானது. மரம் ஊர்க் கரையிலேயே ஒதுங்கும். கணவனோ அண்ணனோ மகனோ கொண்டுவந்த மீனை வீட்டுப் பெண்ணே எடுத்துப்போய் உள்ளூர்ச் சந்தையில் விற்பார். பிடித்தது அவன், காசு பார்த்தது அவள். பல வீடுகளில் பணம் அவர் முந்தியில்தான் முடிந்திருந்தது. வெற்றிலைக்கும் கள்ளுக்கும் அவன் அவளிடம்தான் கேட்க வேண்டும். இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தலைச்சுமையோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்த காலம் அது. ஆனால் மீன் மேல் அவருக்கு முதல் உரிமை இருந்தது.

1953இல் கொல்லம் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களை வைத்து இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. எஞ்சின் படகும் ஐஸ் ஆலையும் நம் கடற்கரைக்குப் பரவலாக வந்தது அந்த வழியில்தான். அப்புறம் இழுவைமடி வலை, இறால் ஏற்றுமதி, பெரிய விசைப்படகுகள். விசைப்படகு ஊர் மணலில் ஒதுங்காது, அதற்குத் துறைமுகம் வேண்டும். இருபது ஊர்க் கரைகளில் சிதறி இறங்கிய மீன் ஒரே இடத்தில் குவிந்தது. அங்கே அது படகு முதலாளிக்குச் சொந்தம். முதலாளி ஏற்கெனவே தரகரிடம் முன்பணம் வாங்கியிருப்பார், மீனை அந்தத் தரகர் மூலமாகத்தான் ஏலம் விட வேண்டும். கணவர் அதே படகில் கூலிக்குப் போயிருந்தாலும் மனைவிக்கு அந்த மீனில் தனி உரிமை எதுவும் கிடையாது. எல்லாரோடும் சேர்ந்து அவரும் ஏலத்தில் நிற்க வேண்டும், ஏற்றுமதிக் கம்பெனி வண்டிக்காரர்கள், வெளியூர் லாரிக்காரர்கள், பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிய இளைஞர்கள் எல்லாரோடும்.

அந்த ஏலத்தை ஒருமுறையாவது விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். மீனை எடை போடுவதில்லை, குவியலாகத் தரையிலோ கூடையிலோ கொட்டுவார்கள். ஏலக்காரர் தொகையை ஏற்றிக்கொண்டே போவார், வாங்குகிறவர் கண்ணாலேயே எடை போட்டு, செவுளின் சிவப்பைப் பார்த்து, அன்றைக்குச் சந்தையில் என்ன விலை போகும் என்று மனக்கணக்குப் போட்டுத் தலையசைக்க வேண்டும். யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள். பள்ளிக்கூடம் சரியாகப் போகாத பெண்கள் இதைச் செய்கிறார்கள் என்று வியப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இதற்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் கிடையாது. பத்து வயதில் அம்மாவின் பின்னால் நின்று கற்றுக்கொள்வது இது.

ஒரு குவியலைத் தனியாக எடுக்கக் காசு பத்தாது. அதனால் நாலு பேர் கூட்டுச் சேர்வார்கள். நான் பார்த்த அன்று ஒருவர் மட்டும் ஏலம் கேட்டார், மற்ற மூவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் தங்களுக்குள்ளேயே விலை ஏறிவிடும். எடுத்த மீனை ஓரமாக இழுத்துப்போய் நாலு கூறாகப் பிரித்தார்கள். பெரியது ஒன்று இந்தப் பக்கம் போனால் சின்னது இரண்டு அந்தப் பக்கம். பிரித்தவர் கடைசியாக மிஞ்சிய கூறை எடுத்துக்கொண்டார். சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

சரி, இனி ஒரு நாள் கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை, முறை மட்டும் உண்மை. 6,000 ரூபாய்க்கு எடுத்த குவியலில் ஒருவர் பங்கு 1,500. ஐஸ் 50, ஷேர் ஆட்டோ 60, சந்தைக்கட்டணம் 30, ஒரு சாயாவும் வடையும் 20. ஆக 1,660 ரூபாய் போட்டாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாக விற்று 2,100 வந்தால் கையில் நிற்பது 440. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஒழுங்கான விலைக்குப் போய் 1,400 வருகிறது. மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளி 300. மொத்தம் 1,700. அன்றைய சம்பாத்தியம் 40 ரூபாய். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்கு மாலை போடும் வீடுகள், இதெல்லாம் அவருடைய வானிலை அறிக்கையில் சேரும்.

முதல் பணம் எங்கிருந்து வருகிறது?

மறுநாள் காலை ஏலத்துக்கு மறுபடி 1,660 ரூபாய் வேண்டும். அதை எடுத்து வைத்தால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது 40 ரூபாய், வீட்டுக்கு எடுத்தால் முதல் பணம் குறையும். என்ன செய்வது? இங்கேதான் தினவட்டிக்காரர் வருகிறார். சென்னைப் பக்கம் தண்டல் என்பார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும், கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 10,000 ரூபாய் கடன் என்று எழுதுவார், கையில் 9,000 கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

ஆயிரம்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. ஐம்பதாவது நாளில் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே 100 நாளும் அவர் கையில் இருந்த கடன் சராசரியாகப் பார்த்தால் 4,500 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்காக்கினால் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். இவ்வளவு வட்டியில் எந்தத் தொழிலதிபரும் தொழில் நடத்தமாட்டார்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? தினவட்டிக்காரர் அதிகாலையிலும் வருவார், அடமானம் கேட்கமாட்டார், படிவம் நிரப்பச் சொல்லமாட்டார் என்பதால்தான். வங்கி திறப்பது பத்து மணிக்கு, ஏலம் முடிவது ஏழு மணிக்கு. சுய உதவிக் குழுக்களும் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்களும் வந்த பிறகு இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குழுக்கடன் மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ போய்விட்டால் ஏலத்துக்கு மறுபடி அதே வாசல்தான்.

பேருந்தும் உட்கார இடமும்

விசைப்படகுக்கு டீசல் எப்படியோ, மீன்காரம்மாவுக்குப் பேருந்து அப்படி. படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறது தமிழ்நாடு அரசு. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்ததை 2023இல் 19,000 ஆக்கினார்கள். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. இது பெரிய விஷயம், தினம் மிச்சமாகும் தொகை நேராக முதல் பணத்தோடு சேர்கிறது.

ஆனால் கட்டணம் இல்லாமல் இருப்பது வேறு, ஏற்றிக்கொள்வது வேறு. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வயதான ஒரு பெண்மணியை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நிலையத்தில் நின்று ஆற்றாமையோடு நியாயம் கேட்ட காணொளி மாநிலம் முழுக்கப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநரும் நடத்துநரும் நேரக்காப்பாளரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அது செய்தியானது காணொளி இருந்ததால். அந்த வழித்தடத்தில் மீன் விற்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். கூடையைக் கண்டதும் நிற்காமல் போன பேருந்தின் கதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதனால்தான் இலவசப் பேருந்து ஓடுகிற ஊரிலும் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறார்கள்.

இறங்கிய பிறகு உட்கார ஓர் இடம் வேண்டும். சந்தைக்குள் மேடை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. மற்றவர்களுக்குச் சாலை ஓரம். சென்னை மெரினா லூப் சாலையில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. நொச்சிக்குப்பம் மீனவர்கள் தங்கள் கரையிலேயே மீனை இறக்க, பெண்கள் அங்கேயே சாலை ஓரத்தில் விற்றுவந்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, கடைகள் அகற்றப்பட்டன, போராட்டம் வெடித்தது. 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், கழிவுநீர் வடிகால் எல்லாம் அவசியம்தான். ஆனால் அந்த வழக்கில் ஒரு கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. மீனவர் குடியிருப்பும் மீன் வியாபாரமும் இருந்த இடத்துக்குச் சாலை வந்து சேர்ந்தது. பிறகு யார் யாருக்கு இடைஞ்சல்?

தெருவோர வியாபாரிகளுக்கு என்று 2014இல் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. நகரந்தோறும் ஒரு வணிகக் குழு, அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண் என்று அது சொல்கிறது. மீன்காரம்மாவும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்தான். எங்கள் மீன்காரம்மாவிடம் அந்தச் சட்டப்படி கொடுக்கும் வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். ரேஷன் கார்டைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பகல் இரண்டு மணிக்குத் திரும்புகிற ஒரு பெண், நடுவில் கழிப்பறைக்கு எங்கே போவார்? பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் குடிக்காமல் இருப்பார்.

விற்காத மீன் என்ன ஆகும்?

கருவாடு ஆகும். மிச்சத்தை வீணாக்காமல் இருக்கத் தோன்றிய வழி என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. கருவாட்டுக்கென்றே நெத்திலியும் சாளையும் வாளையும் மொத்தமாக எடுத்து, அதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிற பெண்கள் கடற்கரை நெடுகிலும் இருக்கிறார்கள். நெத்திலிக்கு உப்புக்கூட அவசியமில்லை, நல்ல வெயில் இருந்தால் மணலிலோ வலையிலோ பரப்பிய ஓரிரு நாளில் காய்ந்துவிடும். பெரிய மீன் அப்படி இல்லை. முதுகில் கீறிப் பிளந்து, குடல் எடுத்து, கழுவி, உப்பு அடைக்க வேண்டும். மூன்று நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான அளவு. குறைந்தால் புழு வைக்கும், கூடினால் வாயில் வைக்க முடியாது.

தென்மாவட்டங்களில் குழிக்கருவாடு என்று ஒரு முறை உண்டு. மணலில் குழி தோண்டி, பனையோலைப் பாயை விரித்து, உப்பும் மஞ்சளும் தடவிய மீனை அடுக்கி, மேலேயும் பாய் போட்டு மணலால் மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்தால் மீன் முழுக்கக் காயாமல், கொஞ்சம் ஈரமும் தனி மணமும் கொண்டதாக இருக்கும். அதிக நாள் தாங்காது, ஆனால் ருசிக்கு அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. குழியை எப்போது திறப்பது என்பதை மூக்கு சொல்ல வேண்டும். மழை வந்தால் எல்லாம் போச்சு. வெயிலை நம்பி முதல் போடும் தொழில் இது. சிமெண்ட் களமும் சூரிய உலர்த்தியும் சில ஊர்களுக்கு வந்திருக்கின்றன, மற்ற ஊர்களில் இன்னும் மணல்தான், நாய்க்கும் காக்கைக்கும் காவல் இருக்கக் கிழவிகள்தான்.

இறால் கம்பெனி வேலை வேறு வகை. குளிரூட்டிய கூடத்தில் ஐஸ் தண்ணீரில் கைவைத்தபடி தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் நரம்பை உருவ வேண்டும். பல இடங்களில் இத்தனை பேசின் உரித்தால் இத்தனை ரூபாய் என்று கூலி. விரல் நுனி வெளுத்து வெடித்துப்போகும். கூலி கணக்காக வரும் என்பது ஒரு நிம்மதி, ஏலத்தின் படபடப்பு இல்லை. ஆனால் இறால் வராத நாளில் கூலியும் வராது.

தண்ணீரில் இறங்குகிறவர்களும் உண்டு

பெண்கள் கரையோடு சரி என்று நினைத்தால் அதுவும் தப்பு. மன்னார் வளைகுடாவில் பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் பாசி எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தண்ணீர்க் கண்ணாடி, விரல்களுக்குத் துணிச் சுற்று, சேலைக்கு மேல் ஒரு சட்டை, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து என்ற பாசியைக் கையால் பிய்த்து வருவார்கள். பாறையும் பவளமும் விரலைக் கிழிக்கும். ரம்ஜான் மாதத்தில் நாம் சாப்பிடும் கடல்பாசி இனிப்புக்கு ஆதாரமான அகர் அகர் இப்படிப்பட்ட பாசிகளிலிருந்துதான் வருகிறது.

1986இல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தீவுப் பக்கம் போவதே குற்றமாயிற்று. வனத்துறையோடு நீண்ட இழுபறி. பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்: மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தொடவே கூடாது, உலோகக் கருவி கூடாது, கைதான். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களின் குரலாக நின்றதற்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பின் பரிசைப் பெற்றார். பாசி எடுப்பவர்களை இயற்கைக்கு எதிரிகளாகப் பார்த்த இடத்தில், அதே ஊர்ப் பெண்ணுக்குத் தீவுச் சூழலைக் காத்ததற்காகப் பரிசு வந்தது.

அதே கடலில் இன்னொரு பாசியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் என்ற இனத்தை மண்டபம் ஆய்வு நிலையத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு பெப்சி நிறுவனம் அதைக் கையில் எடுத்து மகளிர் குழுக்களோடு ஒப்பந்தம் போட்டது. ஊர் வாயில் அதன் பெயர் இன்றும் பெப்சி பாசிதான். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி விட்டால் 45 நாளில் அறுவடை. முங்க வேண்டாம், கை கிழியாது. கடல் சூடு கூடினால் மட்டும் மிதவை மிதவையாக வெளுத்துச் செத்துப்போகும்.

எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போடும் கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அனல் மின்நிலையத்தின் சாம்பலும் சுடுநீரும் எண்ணெய்க் கசிவும் கலக்கிற ஆறு அது.

ஆழ்கடலுக்கே போன ஒருவரும் இருக்கிறார். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் சேற்றுவாயைச் சேர்ந்த ரேகா கார்த்திகேயன், கூலிக்கு ஆள் கிடைக்காத நிலையில் கணவரோடு தானே படகில் ஏறினார். இந்தியாவில் ஆழ்கடல் மீன்பிடி உரிமம் பெற்ற முதல் பெண் என்று 2017இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைப் பாராட்டியது. பத்திரிகைகளுக்கு இவர் கதைதான் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு ரேகாவைக் கொண்டாடிவிட்டு ஏலத்தில் நிற்கும் ஆயிரம் பேரைப் பார்க்காமல் விடுகிற வசதியும் அதில் இருக்கிறது.

எண்ணிக்கையில் விட்டுப்போனால் என்ன ஆகும்?

2004 டிசம்பர் 26 காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆழிப்பேரலை ஆழ்கடலில் உயரமாகத் தெரியாது, படகுக்கு அடியில் நழுவிப் போய்விடும். கரையில்தான் அது சுவர். கடலில் இருந்த ஆண்கள் பலர் பிழைத்தார்கள். வீட்டிலும் கரையிலும், படகு வரட்டும் என்று கூடையோடு காத்திருந்த பெண்களும் குழந்தைகளும் போனார்கள்.

பிறகு நிவாரணம் வந்தது. படகு, எஞ்சின், வலை என்று பட்டியல் போட்டார்கள். அவற்றுக்குப் பதிவு எண் உண்டு, விலை உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே படகைப் பதிவு செய்வதையும் அது எங்கே பிடிக்கலாம் என்பதையும் சுற்றித்தான் எழுதப்பட்டது. மீன்காரம்மா இழந்தது அலுமினியச் சருவம், தராசு, ஐஸ் பெட்டி, அடுப்படிப் பானையில் வைத்திருந்த முதல், அப்புறம் கடன் சொல்லி மீன் வாங்கிய வீடுகளிலிருந்து வர வேண்டிய பாக்கி. இதற்கு எந்த அலுவலகத்தில் ரசீது காட்டுவது?

அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மீனவ மகளிருக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. அவர் 1,500 ரூபாய் சேமித்தால் மாநில அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும், மீன் குறைந்த மாதங்களில். 2007இல் வந்த மீனவர் நல வாரியச் சட்டம், மீன்பிடி சார்ந்த வேலை செய்பவர்களையும் உறுப்பினராக்கிக்கொள்கிறது. "சார்ந்த" என்ற அந்தச் சொல்லை மட்டும் யாராவது ஒருநாள் எடுத்துவிட்டால் நன்றாயிருக்கும்.

உலக அளவில் அந்தச் சொல்லை எடுக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் சென்னையில் இருந்தவர். சந்திரிகா சர்மா, மீன்பிடித் தொழிலாளர்களுக்கான பன்னாட்டு ஆதரவு அமைப்பின் செயலாளர். சிறு அளவு மீன்பிடிப்புக்கு உலக நாடுகள் ஒப்புக்கொள்ளும் வழிகாட்டு நெறிகளை உருவாக்க வருடக்கணக்கில் உழைத்தார். மீன் பிடிப்பது மட்டுமல்ல, அதற்கு முந்தைய பிந்தைய வேலைகளும் மீன்பிடித் தொழில்தான், அவற்றைச் செய்யும் பெண்களுக்கும் அதே உரிமை என்று அந்த நெறிகள் பேசுகின்றன. 2014 மார்ச் 8ஆம் தேதி அவர் ஒரு கூட்டத்துக்குப் போக ஏறிய மலேசிய விமானம் எம்.எச். 370 காணாமல் போயிற்று. மகளிர் தினம் அன்று. மூன்று மாதம் கழித்து நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்த நெறிகள் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டன.

தடைக்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் அது கொஞ்சம் விசித்திரமானது. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளை 61 நாள் நிறுத்துவார்கள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கணக்கு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கு. தடைக்கால நிவாரணமாக ஒரு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கிடைக்கிறது. எங்கள் மீன்காரம்மா அதோடு நிற்பதில்லை. ஏப்ரல், மே மாதத்தில் குளச்சலில் எடுப்பார். ஜூன் பாதிக்கு மேல் சின்னமுட்டத்துக்குப் பேருந்து மாறுவார்.

நடுவில் ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலையைக் கேட்டால் நாமே கதவைச் சாத்திவிடுவோம். அந்த இரண்டு வாரம் அவர் சருவத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓலைப்பெட்டியோடு வருவார். "நெத்திலி, போன மாசம் நானே காயப்போட்டது மக்ளே" என்று படியில் இறக்கி வைப்பார். அந்த நாட்களில் மட்டும் இறக்க யார் கையும் கேட்பதில்லை, கருவாடு கனம் குறைவு.